சேற்றுப்புண்: அரிப்பு நின்ற பிறகும் பூச வேண்டிய நாட்கள்

காலின் சின்னி விரலையும் அதற்கு அடுத்த விரலையும் கையால் விலக்கிப் பாருங்கள். ஐந்து விரல்களில் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டிக் கிடப்பவை இந்த இரண்டும்தான். காற்றுப் போகாத அந்த இடுக்கில் தோல் வெளுத்து ஊறி, நனைந்த கடதாசி போல உரிந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிய கையோடு அரிப்புக் கூடும். சிலருக்கு நடக்கும்போது வெடிப்பு எரியும்.

மருந்து எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. ஒரு வாரம் பூசினால் அரிப்பு நிற்கிறது. அடுத்த மழையோடு திரும்பி வருகிறது. 'இந்தக் கிறீம் எனக்குச் சரிவரவில்லை' என்று அடுத்த கிறீமுக்கு மாறுகிறார்கள், அதுவும் அதே கதையாகிறது. பெரும்பாலும் கிறீமில் பிழை இல்லை. நாட்கணக்கு பிழைத்திருக்கும், இல்லாவிட்டால் சப்பாத்து காய்ந்திருக்காது. இந்த இரண்டையும் சரிப்படுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலேயே தீர்ந்துவிடும் நோய் இது.

சேறு செய்யாத புண்

பெயரே ஆளைத் திசைமாற்றிவிடுகிறது. இந்தப் புண்ணைச் சேறு கொண்டுவருவதில்லை. வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் திரிபவரைவிட, குளிரூட்டிய அலுவலகத்தில் தோல் சப்பாத்துக்குள் பத்து மணித்தியாலம் காலை மூடி வைத்திருப்பவருக்கே இது இலகுவில் வரும். ஆங்கிலப் பெயரும் இதே போலத்தான். 'அத்லீட்ஸ் பூட்', அதாவது விளையாட்டு வீரரின் பாதம், என்பது 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க மருந்து விளம்பரங்கள் பரப்பிய சொல். ஓட்டப்பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, உடுப்பு மாற்றும் அறையின் ஈரத் தரையும் வியர்த்த சப்பாத்தும் மட்டுமே.

காரணம் பங்கசு, அதாவது பூஞ்சணம். அதிலும் பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற ஒன்று. இந்தப் பங்கசின் வரலாற்றில் கொழும்புக்கும் ஒரு பங்கு உண்டு. 1903 முதல் 1915 வரை இங்கே வேலை செய்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெல்லானிதான் 1910இல் இதைத் தனி இனமாக விவரித்தார். அவர் அதைக் கண்டது கால்விரலிடுக்கில் அல்ல, தொடையிடுக்குப் படையில். சப்பாத்துப் போடாத மக்களிடம் இது உடம்பில் படர்தாமரையாக இருந்தது, சப்பாத்துப் போட்டவர்களின் காலில் புகுந்த பிறகே உலகம் முழுவதும் பரவியது என்பதுதான் பங்கசு நோய்களின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கதை. பின்னாளில் கஸ்டெல்லானியின் பெயராலேயே ஒரு கடுஞ்சிவப்புப் பூச்சு மருந்தும் விரலிடுக்குப் புண்ணுக்கு வந்தது. குணமாக்கும், ஆனால் காலுறை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சாயமேற்றிவிடும்.

இந்தப் பங்கசின் சாப்பாடு கெரட்டின், அதாவது தோலின் மேற்படை, நகம், மயிர் ஆகியவற்றை ஆக்கும் புரதம். தோலின் மேற்படை உயிரற்ற செல்களின் அடுக்கு. பங்கசு அங்கேதான் குடியிருக்கிறது, கீழேயுள்ள உயிருள்ள தோலுக்குள் வழமையாக இறங்குவதில்லை. அரிப்பும் சிவப்பும் பங்கசு கடிப்பதால் வருபவை அல்ல. மேலே பங்கசு விடும் பொருட்களுக்கு கீழே உள்ள உயிருள்ள தோல் காட்டும் எதிர்ப்பு அது. மருந்து பூசத் தொடங்கியதும் பங்கசின் தொகை குறைகிறது, எதிர்ப்பு அடங்குகிறது, அரிப்பு நான்கைந்து நாளில் நின்றுவிடுகிறது. ஆனால் உயிரற்ற படைக்குள் பங்கசின் இழைகளும் வித்துகளும் இன்னும் மிச்சமிருக்கும். அந்தப் படை முழுவதும் உதிர்ந்து புதிது வர ஏறக்குறைய நான்கு வாரமாகும். கிறீம் பெட்டியில் 'நான்கு வாரம்' என்று எழுதியிருப்பதன் பின்னணி இதுதான்.

டியூப் கணக்கு

மருந்துக்கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. குளோட்ரிமசோல் 1 வீதம், மைக்கோனசோல் 2 வீதம், கீட்டோகொனசோல் 2 வீதம் போன்றவை ஒரு குடும்பம். இவை பங்கசின் வளர்ச்சியை நிறுத்துகின்றனவே தவிர, பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. வளராமல் நிற்கும் பங்கசு, தோல் உதிரும்போது சேர்ந்து உதிர வேண்டும். அதனால் குளோட்ரிமசோலும் மைக்கோனசோலும் காலை, இரவு என்று நாளுக்கு இரண்டு முறை, நான்கு வாரம். டெர்பினபின் 1 வீதக் கிறீம் வேறு வகை. அது பங்கசின் செல் சவ்வு ஆக்கத்தை ஆரம்பத்திலேயே மறித்து அதைக் கொல்கிறது. நிறுத்திய பிறகும் சில நாள் தோற்படையில் தங்கியிருக்கிறது. ஆகவே விரலிடுக்குப் புண்ணுக்கு ஒரு வாரம் போதும். நாளுக்கு ஒரு முறையா இரண்டு முறையா என்பதைப் பெட்டிக்குள் உள்ள தாள் சொல்லும். பொறுமை இல்லாதவர்களும் மறதிக்காரர்களும் டெர்பினபினை எடுப்பதே புத்தி. நான்கு வாரம் தவறாமல் பூசுபவர்கள் எங்கேயும் குறைவு.

இனி அளவு. ஆட்காட்டி விரலின் நுனி மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிழிந்தால் ஏறக்குறைய அரைக் கிராம். இரண்டு கால்களின் விரலிடுக்குகளுக்கும் ஒரு முறைக்கு அது போதும். நாளுக்கு இரண்டு முறை என்றால் 1 கிராம், நான்கு வாரத்துக்கு 28 கிராம். கடையில் விற்கும் சாதாரண டியூப் 15 கிராம். ஒரு டியூப் முடிந்தது, அரிப்பும் நின்றது, சுகம் என்று நிறுத்துபவர் சரியாகப் பாதி வழியில் நிறுத்துகிறார். குளோட்ரிமசோல் வாங்குபவர் முதல் நாளே இரண்டு டியூப் வாங்கிவிட வேண்டும். டெர்பினபினுக்கு 15 கிராம் டியூப் ஒன்றே தாராளம்.

உள்ளங்கால் முழுவதும் பிடித்திருந்தால் கணக்கு தலைகீழாகும். ஒரு காலுக்கு ஒரு முறை 1 கிராம். இரண்டு கால், இரண்டு வேளை என்றால் நாளுக்கு 4 கிராம். 15 கிராம் டியூப் நான்கு நாளைக்குக் கூடக் காணாது. இந்த வகையை மெல்லிய பூச்சால் சமாளிக்கப் பார்ப்பதில்தான் பலருடைய காசு வீணாகிறது. இதைப் பற்றிப் பிறகு வருவோம்.

பூசும் முறையில் சின்னச் சின்ன விடயங்கள்தான் வேறுபாட்டைச் செய்கின்றன. இரவு படுக்கப் போகுமுன் காலைச் சாதாரணச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். உரிந்த வெள்ளைத் தோலைச் சுரண்டிப் பிய்க்க வேண்டாம், அடியில் பச்சைப் புண்ணாகும். துவாயால் மேலோட்டமாக ஒற்றினால் இடுக்கு காயாது. டிஷு ஒன்றை மடித்து ஒவ்வொரு இடுக்குக்குள்ளும் விட்டு இழுங்கள், ஈரம் படாமல் வெளியே வரும்வரை. பிறகு பத்து நிமிடம் விசிறிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருங்கள். ஈரத்தின் மேல் பூசிய கிறீம் தோலை இன்னும் ஊற வைக்கும். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் நல்ல தோலிலும், மற்றக் காலின் அதே இடுக்கிலும் பூசுங்கள். மெல்லிய பூச்சு போதும். இடுக்கில் வெள்ளையாகத் தேங்கி நின்றால் அது கூட. கடைசியாகக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சொறிந்த கையோடு உடம்பைத் தொட்டால் அடுத்த படை அங்கே வரும்.

நிஸ்டட்டின் கிறீமை யாராவது தந்தால் வாங்க வேண்டாம். அது கண்டிடா என்ற வேறு பங்கசுக்கு நல்ல மருந்து, சேற்றுப்புண் பங்கசை அது தொடாது.

நீர் வடியும் புண்ணுக்குக் கிறீம் முதலில் அல்ல

இடுக்கு ஈரமாகி நீர் வடிந்து நாற்றமெடுத்தால், அங்கே பங்கசோடு பக்டீரியாவும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் கிறீம் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். முதலில் புண்ணைக் காய வைக்க வேண்டும். பழைய வீடுகளில் கொண்டீஸ் என்று சொல்லும் பொட்டாசியம் பெர்மங்கனேற் இதற்கு இன்றும் நல்ல மருந்து. அளவு 10,000க்கு 1. அதாவது 10 லீற்றர் தண்ணீருக்கு 1 கிராம். 400 மில்லிகிராம் வில்லையாகக் கிடைத்தால் ஒரு வில்லைக்கு 4 லீற்றர். துகளாக வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். மெல்லிய ரோஸ் நிறம் சரி. நாவற்பழச் சாறு போல ஊதாவாக இருந்தால் தண்ணீர் கூட்டுங்கள். கரையாத துகள் ஒன்று தோலில் ஒட்டினாலே சுட்டுவிடும், ஆகவே முழுக்கக் கரைந்த பிறகே காலை வையுங்கள். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை, நீர் வடிவது நிற்கும்வரை இரண்டு மூன்று நாள். அதற்கு மேல் தொடர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைக்க வேண்டும், பழைய கரைசல் பழுப்பாகிப் பயனற்றுப்போகும். நகத்தைப் பழுப்பாக்காமல் இருக்க முதலில் வெஸலின் தடவுங்கள். பழைய பிளாஸ்ரிக் பேசினைப் பயன்படுத்துங்கள், அதுவும் நிறமேறும். விழுங்கினால் கடும் நஞ்சு, எனவே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இப்படிக் காலை ஊற வைப்பதை வீட்டில் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

சமையலறை வைத்தியங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளியில் பங்கசை எதிர்க்கும் பொருள் இருப்பது உண்மை. அதை நசுக்கிப் பச்சையாக விரலிடுக்கில் வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளமாவதும் உண்மை. தேசிக்காய்ச் சாறும் தண்ணீர் கலக்காத டெட்டோலும் வெடித்த தோலில் எரிவைத் தவிர வேறொன்றும் தருவதில்லை, எரிவதால் வேலை செய்கிறது என்ற நம்பிக்கையைத் தவிர. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது உள்ளங்கால் வெடிப்புக்கு இதமாக இருக்கலாம், ஆனால் விரலிடுக்கில் எண்ணெய் ஈரத்தை அடைத்து வைக்கும். வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்துக் கழுவினால் நாற்றம் குறையும், பங்கசு போகாது. உப்புத் தண்ணீரும் அப்படியே. இவற்றில் ஒன்றுக்காகவும் கிறீமைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று வேலை செய்யும் கிறீம்

கொழும்பில் சேற்றுப்புண்ணை அதிகம் கெடுப்பது எது என்று கேட்டால், அழுக்கையும் மழையையும் விட ஸ்டீரொயிட் கலந்த கிறீமைத்தான் சொல்ல வேண்டும். பங்கசு மருந்து, பக்டீரியா மருந்து, ஸ்டீரொயிட் மூன்றும் ஒரே டியூபில் வருகின்றன. பூசிய அன்றே அரிப்பு அடங்குகிறது, அதனால் 'அற்புதமான மருந்து' என்று அடுத்த வீட்டுக்கும் சிபாரிசு போகிறது. நடப்பது வேறு. தோலின் எதிர்ப்பை ஸ்டீரொயிட் அமுக்குகிறது, சிவப்பும் செதிலும் மறைகின்றன, எதிர்ப்பில்லாத பங்கசு வசதியாகப் பரவுகிறது. நிறுத்தினால் இரண்டு மடங்கு அரிப்பு. திரும்பவும் அதே டியூப். இப்படியே மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, படை வடிவம் மாறி, தோல் வைத்தியருக்கே முதற் பார்வையில் பிடிபடாத நிலைக்கு வரும்.

தப்புவதற்கு வழி சுலபம். டியூபில் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களை வாசியுங்கள். பெட்டாமெதசோன், பெக்லோமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்பவற்றில் ஒன்று இருந்தால் சேற்றுப்புண்ணுக்குத் தானாக வாங்கிப் பூச வேண்டாம். கடும் அழற்சிக்கு வைத்தியர் சில நாளைக்கு மென்மையான ஸ்டீரொயிட் சேர்த்து எழுதித் தருவது வேறு, அதற்கு முடிவுத் திகதி உண்டு. கடையில் 'கால் அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்கோ' என்று கேட்பதைவிட, 'குளோட்ரிமசோல் மட்டும் உள்ளது', 'டெர்பினபின் மட்டும் உள்ளது' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியாவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் கடந்த பத்தாண்டில் டெர்பினபினுக்கு அடங்காத புதிய பங்கசு வகையொன்று பரவியதற்கு இப்படிப்பட்ட கலப்புக் கிறீம்களின் தாறுமாறான பாவனையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டன் இந்தோட்டினியே என்று பெயரிட்டார்கள். அது பெரும்பாலும் தொடையிடுக்கிலும் உடம்பிலும் வருவது. காலோடு உடம்பிலும் பெரிய வளையப் படைகள் இருந்து, ஒழுங்காகப் பூசியும் குறையாவிட்டால், அடுத்த டியூபுக்குப் போகாமல் வைத்தியரிடம் போவதற்கு அது போதிய காரணம்.

சப்பாத்து எப்போது காய்கிறது?

நாள் முழுவதும் வியர்த்த சப்பாத்து உள்ளே காய 24 முதல் 48 மணித்தியாலம் வேண்டும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கு மேல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரிலும் கனத்த மழை. மாலை ஆறு மணிக்குக் கழற்றி, காலை ஆறரைக்குத் திரும்பப் போட்டுக்கொண்டு கோட்டை ரயிலைப் பிடிக்க ஓடுபவரின் சப்பாத்து திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளும் காய்வதில்லை. அதற்குள் உதிர்ந்த தோற்செதிலில் பங்கசு வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் மருந்து பூசிப் பங்கசைத் துரத்த, சப்பாத்து அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே இரண்டு சோடி வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதற்கு மாற்று இல்லை. இரண்டாவது சோடி வாங்கும் செலவு, திரும்பத் திரும்ப வாங்கும் டியூப்களின் செலவைவிடக் கூட என்று தோன்றினால் ஒரு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கழற்றியதும் உள் அட்டையை வெளியே எடுத்து, சப்பாத்துக்குள் கசக்கிய பழைய பத்திரிகைத் தாளை அடையுங்கள், இரண்டு மணித்தியாலத்தில் தாளை மாற்றுங்கள். மூடிய சப்பாத்துத் தட்டுக்குள் வைக்காமல் விசிறிக்கு எதிரே வாயைத் திருப்பி வையுங்கள். காலையில் மைக்கோனசோல் அல்லது குளோட்ரிமசோல் பவுடரை உள்ளே, முக்கியமாக விரல் நுனிப் பக்கம், தூவுங்கள். வெறும் முகப் பவுடர் ஈரத்தைச் சிறிது உறிஞ்சும், விரலிடுக்கில் அப்பினால் வியர்வையோடு கட்டியாகி உரசும்.

பாதுகாப்பு உத்தியோகத்தர், பொலிஸார், பேலியகொடை மீன் சந்தையில் கம்பூட்ஸோடு நிற்பவர்கள், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்குச் சப்பாத்தின் வகையைத் தெரிவு செய்யும் சுதந்திரம் இல்லை. அவர்களுக்குக் காலுறைதான் வழி. பையில் இரண்டாவது சோடி காலுறையை வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து மாற்றினாலே பாதி ஈரம் குறைந்துவிடும். கம்பூட்ஸை இரவல் வாங்கிப் போடுவதும், வேலைத்தளத்தில் பொதுவாக வைத்திருப்பதும் நோயை வாங்குவதற்குச் சமம். மாறாக, புறக்கோட்டையில் ரப்பர்ச் செருப்போடு மூட்டை சுமக்கும் நாட்டாமிக்கு விரலிடுக்குப் பிரச்சினை குறைவாகவே இருக்கும், மழை நாளில் கால் நனைந்தாலும் கூட, ஏனென்றால் நனைந்த கால் காய்ந்தும் விடுகிறது.

காலுறை தோய்ப்பதில் ஒரு சிக்கல். இங்கே பெரும்பாலான வீடுகளின் மெஷின்கள் குளிர் தண்ணீரில் ஓடுபவை. குளிர் தண்ணீரில் அழுக்குப் போகும், வித்துகள் போகா. அவை சாக 60 பாகை செல்சியஸ் வேண்டும். அதனால் பருத்திக் காலுறைகளைத் தனியாக ஒரு வாளியில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி மூடி அரை மணித்தியாலம் வையுங்கள். பிறகு வழமை போலத் தோய்க்கலாம். நைலோன் காலுறை சூட்டில் இலாஸ்ரிக் தளர்ந்து கெட்டுப்போகும். வெள்ளை நைலோனில் வரும் பாடசாலைக் காலுறையையும் முடிந்தால் பருத்தி கூடியதாகப் பார்த்து வாங்குவது நல்லது. வெள்ளவத்தைத் தொடர்மாடி பல்கனியில் நவம்பர் மாதம் இரண்டு நாள் தொங்கியும் ஈரம் விடாத காலுறையைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியாவது காய வையுங்கள்.

உடுப்பு மாற்றும்போது முதலில் காலுறையைப் போட்டுவிட்டுப் பிறகு உள்ளாடையைப் போடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உள்ளாடையின் துளை வழியாகப் போகும் கால் தன் பங்கசை நேரே தொடையிடுக்குக்குக் கொண்டுபோகிறது. தொடையிடுக்குப் படை திரும்பத் திரும்ப வருபவர்கள் தங்கள் கால் விரலிடுக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வீடு, கோவில், பள்ளிவாசல்

ஒரு வீட்டில் பரவும் இடம் குளியலறை. அதிலும் வாசலில் கிடக்கும், எல்லாரும் மாட்டிக்கொண்டு உள்ளே போகும் அந்தப் பொதுச் செருப்பு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துக் கூட்டாகத் தங்கும் இளைஞர்கள் ஒரே செருப்பு, ஒரே கால்மிதி, சில வேளை ஒரே துவாய் என்று இருப்பார்கள். ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வர அதிக நாள் எடுக்காது. ஆளுக்கொரு செருப்பு, ஆளுக்கொரு துவாய். கால் துடைக்கும் துணி வேறு, உடம்பு துடைக்கும் துவாய் வேறு. கால்மிதியைக் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். குளியலறைத் தரைக்கு வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். கழிவறை கழுவும் அசிட் திரவத்தோடு பிளீச்சைக் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கோவிலில் வெறுங்காலோடு நடப்பதால் வருகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. ஈரத் தரையில் தொற்று ஒட்டலாம். ஆனால் ஒட்டியது முளைக்க மூடிய ஈரம் வேண்டும். பிரகாரத்தைச் சுற்றிவிட்டுக் காலைத் துடைத்துச் செருப்புப் போடுபவருக்கு அது உதிர்ந்துவிடும். ஆபத்து, கால் கழுவிய ஈரத்தோடு காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு அலுவலகம் ஓடுவதில்தான் இருக்கிறது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்பவர்களுக்கும் இதே விடயம்தான். விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது நல்ல பழக்கம், அதை முடித்து வைப்பது டிஷுவால் துடைத்தல். ளுஹர், அஸர் என்று அலுவலக நேரத்தில் இரண்டு தடவை கால் நனைபவர்கள் மேசை இலாச்சியில் ஒரு டிஷுப் பெட்டி வைத்திருந்தால் போதும்.

உள்ளங்காலும் நகமும்

எல்லாச் சேற்றுப்புண்ணும் ஈரமானதல்ல. உள்ளங்காலும் குதியும் ஓரங்களும் வறண்டு, தடித்து, ரேகைகளில் மாப் பூசியது போல வெள்ளைச் செதில் படிந்திருக்கும் வகை உண்டு. அரிப்புக் குறைவு, அதனால் 'எனக்கு எப்போதும் வறண்ட கால்தான்' என்று பல வருடம் விட்டுவைப்பார்கள். பித்த வெடிப்பு என்று எண்ணி வெறும் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு காலோடு ஒரு கை மட்டும் உள்ளங்கையில் இப்படி வறண்டிருந்தால் அனேகமாகப் பங்கசுதான், சொறியும் கை அது. தடித்த தோலைக் கிறீம் ஊடுருவாது. முதலில் யூரியா 10 அல்லது 20 வீதக் கிறீமால் தோலை மெலிய வைக்க வேண்டும். பென்சோயிக் அமிலம் 6 வீதமும் சலிசிலிக் அமிலம் 3 வீதமும் சேர்ந்த பழைய விற்பீல்ட் களிம்பும் இதற்கு உதவும். மலிவானது, கொழுப்புத் தன்மையானது, வெடித்த இடத்தில் பட்டால் நன்றாக எரியும், விரலிடுக்குக்கு ஏற்றதல்ல. இந்த வகை பெரும்பாலும் வெளிப்பூச்சோடு முடியாது. டெர்பினபின் 250 மில்லிகிராம் வில்லை நாளுக்கு ஒன்று வீதம் இரண்டு வாரம் என்று வைத்தியர் எழுதித் தருவார். ஈரல் நோய் உள்ளதா, வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்க வேண்டியிருப்பதால், இதைக் கடையில் நேரே வாங்கி விழுங்கக் கூடாது.

பாதத்தின் உள்வளைவில் சிறு நீர்க்கொப்புளங்களாகவும் வருவதுண்டு. அப்போது கைவிரல் ஓரங்களிலும் அரிக்கும் கொப்புளம் தோன்றலாம். கையில் பங்கசு இருக்காது, காலில் உள்ளதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. காலைக் குணமாக்கினால் கையும் மாறும்.

பங்கசு போலத் தோன்றி பங்கசல்லாதவையும் உண்டு. மேற்பாதத்தில் செருப்பு வாரின் வடிவத்திலேயே அரிப்புப் படை இருந்தால் ரப்பர் அல்லது தோல் பதனிட்ட இரசாயன ஒவ்வாமை. உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பக்டீரியா. சிறு பிள்ளையின் முன்பாதம் இரண்டும் சிவந்து பளபளத்து வெடித்து, விரலிடுக்கு மட்டும் நன்றாக இருந்தால் சப்பாத்து உரசலால் வரும் தோலழற்சியாக இருக்க வாய்ப்புக் கூட. சந்தேகம் தீர்க்கும் சோதனை எளிது. தோற்செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுக்கென்றே ஆய்வுகூடப் பிரிவு உண்டு. சோதனைக்கு முன் ஒரு வாரமாவது கிறீம் பூசாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளதும் இல்லையென்று வரும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

விரலிடுக்கு வெடிப்பு பக்டீரியாவுக்குத் திறந்த வாசல். கால் திடீரென வீங்கிச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது சிவப்புக் கோடு மேலே ஏறினால், அது தோலடித் தொற்று. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்கு வெடிப்பின் வலி தெரியாமல் போகலாம், தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். தினமும் இரவு வீட்டில் ஒருவர் விரலிடுக்கைப் பார்த்துவிட வேண்டும், அல்லது தரையில் கண்ணாடி வைத்துத் தானே பார்க்கலாம். இரண்டு வாரம் கிறீம் பூசியும் மாறாவிட்டால் மூன்றாவது வாரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. புதிய தொற்று குறைந்தது, ஆனால் கொழும்பையும் சேர்ந்த மேற்குக் கரையோரத்தில் முன்பு வீங்கிய கால்களோடு வாழும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் கால் வீக்கமும் பல தடவை விரலிடுக்குப் புண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை ஒரு படி நிரந்தரமாகக் கூட்டிவிடும். தினமும் சவர்க்காரமிட்டுக் கழுவி, இடுக்கிடுக்காகத் துடைத்து, சிறிய வெடிப்புக்கும் உடனே பங்கசு மருந்து பூசுவது இவர்களுடைய முக்கிய சிகிச்சைகளில் ஒன்று.

வெள்ளம் வேறு கதை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட தண்ணீரில் வெடித்த விரலிடுக்கோடு இறங்குவது சேற்றுப்புண்ணைவிடப் பெரிய ஆபத்தை, எலிக்காய்ச்சலை, உள்ளே விடும். இறங்கியே ஆக வேண்டுமானால் கம்பூட்ஸ் போடுங்கள், ஏறியதும் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

நகம் மஞ்சளித்துத் தடித்துப் பொடியாக உதிர்ந்தால் பங்கசு அங்கேயும் ஏறிவிட்டது என்று பொருள். விரலிடுக்கை எத்தனை தடவை குணமாக்கினாலும் நகத்திலிருந்து திரும்ப இறங்கும். நகத்துக்குக் கிறீம் போதாது. சோதனையில் உறுதிப்படுத்திய பிறகு வைத்தியர் மூன்று மாத வில்லை தருவார். வில்லை முடிந்த அன்று நகம் அழகாக இருக்காது, பெருவிரல் நகம் முழுவதும் வளர்ந்து மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் எடுக்கும். அதுவரை அந்த நகத்தை வெட்டும் நகவெட்டி வேறாக இருக்கட்டும்.